வீட்டுச் சத்தமும் மெத்தைத் தொழிற்சாலையும்

மதிப்பிற்குரிய பெரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதிக்கொள்வது. உங்கள் உடல்நலம், சின்ன மாமாவின் முழங்கால், சின்ன அத்தையின் பொறுமை ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "யாரு நலம்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அதனால் அந்த வரியை அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும். கண்டுகொள்ள வேண்டாம்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதக் காரணம், என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. சின்ன மாமாதான் எடுக்கிறார். நேற்று அவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணன் பேசவே மாட்டேங்கிறார்மா. சாப்பாட்டுல உப்பு இல்லேன்னுகூடச் சொல்லல. உப்பு நிஜமாவே இல்ல. எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்வாசல் வரை கேட்கும் குரலோடு பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவர் நீங்கள். உங்கள் பேச்சுக்குப் பயந்தவர்கள் உண்டு. உங்கள் மௌனத்துக்குப் பயப்படும் வாய்ப்பு இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. கடிதத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நான் ஆரம்பிக்கும் வாக்கியத்தை நானே முடிக்கலாம். நீங்கள் எந்தக் கடிதத்தையும் உரக்கத்தான் படிப்பீர்கள் என்பதால், சின்ன மாமா வீட்டில் இப்போது எல்லோரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். உங்களுக்குத் தூக்கத் திறன் போதாது என்று மெத்தைத் தொழிற்சாலை சொன்னது தவறு. அந்தத் தவறு உங்கள் தூக்கத்திலிருந்து வரவில்லை, நான் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது. மேலாளரும் இதை ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கே உங்கள் கட்டில் காலியாக இருக்கிறது. இங்கே உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் திரும்பி வர வேண்டும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பாதி உங்களுக்கே தெரிந்ததுதான், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் புரிகிறது.

எங்கள் தொழிற்சாலையில் மெத்தை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வுபெற்றவர்கள் சிலரைச் சோதனையறையில் படுக்கவைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "தூங்குறதுக்கு ஆள் வேணுமாம்" என்று வீட்டில் பொதுவாகச் சொன்னேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து நின்றுவிட்டீர்கள். "இத்தனை வருஷமும் சும்மாவே தூங்கிட்டேனே அம்மாடி. இதுக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்று கேட்டபோது உங்கள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் சீவிய தலையுமாகத் தூங்கப் போனீர்கள். சோதனையறையைப் பார்த்துக்கொள்பவரை, கழுத்தில் எப்போதும் தொங்கும் கடிகாரத்துக்காக ஸ்டாப்வாட்ச் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவர் போர்வையின் நான்காவது மூலையை இழுத்துச் சரிசெய்வதற்குள் நீங்கள் தூங்கியிருந்தீர்கள் என்று இன்றைக்கும் புதிதாக வருபவர்களிடம் சொல்கிறார். பக்கத்துத் தையல் கூடத்திலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். உங்களுக்குப் பாறை என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். ஜன்னலோரக் கட்டில் உங்களுடையதாயிற்று. அடுத்த கட்டில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்கு. வேலை செய்கிறவர்களே தூங்காவிட்டால் மெத்தையை யார் நம்புவார்கள் என்பது மேலாளரின் கொள்கை. அதனால் தூக்கத்தை அளக்கும் ஒரு கைப்பட்டையை எங்களுக்கும் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன். பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஒவ்வொரு மதியமும் ஸ்டாப்வாட்ச் அட்டவணையில் ஒரு வரி எழுதுவார். அன்று போட்ட மெத்தை எது, அறையில் எவ்வளவு வெப்பம், அறையில் எவ்வளவு சத்தம், எல்லோரும் சராசரியாக எவ்வளவு நேரம் தூங்கினார்கள். எது தூக்கத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் சத்தம் அளக்கும் கருவி ஒன்று கூடுதலாக இருந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். வேலை நாட்களில் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, கூடத்து அலமாரியில், கடிகாரத்துக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொரு மாலையும் நம் வீட்டில் எவ்வளவு சத்தம் என்று பதிவுசெய்தேன். கருவியைச் சோதிப்பது ஒரு சாக்கு. நம் வீட்டில் எந்த மூலையில், எந்த நேரத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்து புத்தகம் படிக்க முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எந்த மூலையிலும் முடியாது என்று தெரிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் அப்பாவும் செய்தி பார்த்துக்கொண்டே பேசும்போது கருவியின் முள் எங்கே போகிறது என்பது எனக்கு அளவற்ற ஆர்வத்தைத் தந்த விஷயம். மறுநாள் காலையில் அந்த எண்ணை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'சத்தம்' என்று பெயரிட்டு ஓர் ஓரமாகப் போட்டுவைப்பேன். நம் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சோதனை நடந்த அதே நாட்களில்தான் இதுவும் நடந்தது என்பதால் அங்கே எத்தனை வரிகளோ இங்கேயும் அத்தனை எண்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சூத்திரம். பயப்பட வேண்டாம், கணக்கு எதுவும் இல்லை. நான் கம்ப்யூட்டரில் எழுதியது இந்த ஒரு வரிதான்:

தூக்கம் ~ மெத்தை + வெப்பம் + சத்தம்

நடுவில் இருக்கும் அலைக்கு இடப்பக்கம் இருப்பது நாம் தெரிந்துகொள்ள விரும்புவது. வலப்பக்கம் இருப்பவை, அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்று நாம் சந்தேகப்படுபவை. கூட்டல் குறி போட்டிருக்கிறதே, மெத்தையையும் வெப்பத்தையும் எப்படிக் கூட்டுவது என்று கணக்கு டீச்சர் ஒருமுறை என்னைப் பிடித்துக்கொண்டார். கூட்ட வேண்டாம். அந்த இடத்தில் அந்தக் குறிக்கு "இவரும், இவரும்கூட" என்றுதான் அர்த்தம், வண்டியில் ஏறியவர்களை நீங்கள் விரல் நீட்டி எண்ணிக்கொண்டு போவது போல. அந்த வரியில் இருப்பவை எல்லாம் வெறும் பெயர்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எழுதும் நேரத்தில் சூத்திரத்துக்குத் தெரியாது. ஓட விட்டால்தான் தேடிக் கிளம்பும். முதலில் நான் கையில் கொடுத்த அட்டவணைக்குள் தேடும். அந்தப் பெயர் அங்கே இருந்தால் நல்லது, எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நின்று "இல்லையே" என்று சொல்லும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சொல்லாது. அட்டவணையை விட்டு வெளியே வந்து, நான் அந்த வரியை எழுதிய இடத்தைச் சுற்றி என்னென்ன கிடக்கிறது என்று பார்க்கும். அதே பெயரில் ஏதாவது கிடந்தால், நீளம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இது புரியவில்லை என்றால் உங்கள் செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் நீங்கள் யாரையும் கேட்பதில்லை. வாசலில் கிடப்பவற்றில் எதில் கால் நுழைகிறதோ அதைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள். பல் மருத்துவரிடம் போய் வந்த அன்று அம்மாவுக்கும் உங்களுக்கும் நடந்த உரையாடல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணா, இது யாரோட செருப்பு?"

"என்னோடதுதான்."

"உன்னோடது கறுப்பு. இது பழுப்பு."

"கால் நுழையுதுல்ல? அப்புறம் என்ன விசாரணை?"

அந்த மருத்துவர் அன்று மாலை வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாராம். சூத்திரத்துக்கும் இதே கொள்கைதான். கால் நுழைந்தால் போதும்.

நடந்தது இதுதான். வெளியாட்கள் பார்க்கிற அட்டவணையில் பெயர்கள் கௌரவமாக இருக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஸ்டாப்வாட்ச் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்து, 'சத்தம்' என்று இருந்த தலைப்புக்கு மட்டும் கௌரவம் போதாது என்று முடிவுசெய்து, 'அறையின் ஒலி அளவு' என்று மாற்றினார். மாற்றியதைத் தேநீர் இயந்திரத்துக்கு மேலே அறிவிப்பாகவும் ஒட்டினார். நான் தேநீர் குடிப்பதில்லை. என் வரியில் 'சத்தம்' என்றே இருந்தது. சூத்திரம் அட்டவணைக்குள் போய்ச் சத்தத்தைத் தேடியது, காணவில்லை, வெளியே வந்தது. வாசலிலேயே நம் வீட்டுக் கூடத்தின் சத்தம் கிடந்தது. நீளம் சரியாக இருந்தது. மாட்டிக்கொண்டு போய்விட்டது.

முடிவு வந்தது: சத்தம் கூடக் கூடத் தூக்கம் கூடுகிறது. தற்செயலாக இப்படி அமைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தோன்றினால் கம்ப்யூட்டர் அந்த வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும். மூன்றுக்கு மேல் அதனிடம் கிடையாது. மூன்றையும் போட்டிருந்தது. எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு மழைச் சத்தத்தை நினைத்தேன், ரயிலில் தூங்குகிறவர்களை நினைத்தேன், தாலாட்டும் ஒரு சத்தம்தானே என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம் போலாகிவிட்டது. நிறையப் படிப்பதில் இருக்கும் ஆபத்து இது. எந்த முடிவைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு காரணம் கையிருப்பில் இருக்கும்.

மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சத்தம் அதிகமானா தூக்கம் அதிகமாகுதா? நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"மூணு நட்சத்திரம்தானே இருக்கு. அஞ்சு வராதா?"

"மூணுதான் உச்சம் மேடம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று எழுந்தவர், அடுத்த கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பதற்குள் நாம் இறங்கிவிட வேண்டும் என்றார்.

இறங்கினார்கள். முதலில் தேநீர் டிராலியின் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தினார்கள். அடுத்து, தையல் கூடத்துக்கும் சோதனையறைக்கும் நடுவில் இருந்த கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அப்போதும் நீங்கள் தூங்கினீர்கள், மாமா. மற்றவர்கள் புரண்டுகொண்டிருந்தபோது பாறை அசையவில்லை. இதைத்தான் நான் மேலாளரிடம் பிறகு அழுத்திச் சொன்னேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கட்டிலின் தலைமாட்டிலேயே ஸ்பீக்கர் வைத்த மெத்தை ஒன்றைச் செய்யச் சொன்னார். அதில் என்ன சத்தம் ஓடவிடுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. அருவி வேண்டாம், எல்லோரும் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள் என்று ஒருவர் சொன்னார். கடைசியில், முடிவே இல்லாமல் ஓடக்கூடியது என்பதால் வானொலி விவாதங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் ஓடியது 'பேருந்துக்கு நடத்துனர் தேவையா?' இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அகர வரிசையில்கூட அது முதலில் இல்லை. எவருடைய கையிலோ அது அகப்பட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஸ்டாப்வாட்ச் எனக்கு இரண்டு முறை சொன்னார். நீங்கள் வழக்கம்போலப் படுத்தவுடன் தூங்கிவிட்டீர்கள். ஸ்பீக்கரில் ஒருவர், டிக்கெட் கொடுக்க ஓர் இயந்திரம் போதும், நடத்துனர் என்பவர் வண்டிக்குக் கூடுதல் பாரம் என்றார். உங்களுக்கு முதலில் ஒரு கண் மட்டும் திறந்ததாம்.

"யாருடா அவன்? முதல்ல அவனை இறக்கி விடு."

"சார், அது பதிவு. நீங்க தூங்குங்க."

"பதிவா? அப்போ என் பதிலை எங்க பதியணும்?"

அதோடு போயிருக்கும். பக்கத்துக் கட்டிலிலிருந்து கணக்கு டீச்சர், "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கே. என்னை ஒருதடவை நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்டாங்க" என்றார்.

"எந்த வண்டி? நிறுத்தம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து வாசலுக்கு வந்தீங்களா?"

"நான் ஏன் வரணும்? நீங்கதான் குரல் கொடுக்கணும்."

"குரலா? டீச்சர், என் குரலைப் பத்தியா பேசறீங்க?"

அப்புறம் நீங்கள் எழுந்து நின்று, நிறுத்தத்தை அறிவிப்பது எப்படி என்று செய்து காட்டினீர்கள். தையல் கூடத்தில் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றனவாம். கட்டில்களில் இருந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி கணக்கு டீச்சரின் கட்டிலிலும் மற்றொன்று உங்கள் கட்டிலிலும் உட்கார்ந்துகொண்டது. "நடுவுல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று நீங்கள் ஸ்டாப்வாட்ச்சையே ஓரம் கட்டினீர்கள். அன்றைய வரியில் தூக்கம் என்ற இடத்தில் அவர் ஒரு பூஜ்யம் போட்டார். சோதனையறை ஆரம்பித்ததிலிருந்து அதுதான் முதல் பூஜ்யம்.

மேலாளர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, சத்தத்தின் மீது சந்தேகப்படவில்லை. அதற்கு மூன்று நட்சத்திரம் இருந்தது. உங்களுக்கு நட்சத்திரம் இல்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தூக்கத் திறன் போதாது" என்று, அந்த அறையில், அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். நீங்கள் போர்வையை மடித்துவைத்தீர்களாம். செருப்பைக்கூடச் சரியாகப் பார்த்து, உங்களுடையதையே போட்டுக்கொண்டு கிளம்பினீர்களாம். அப்போதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அப்பா, விவரம் தெரியாமல், "என்ன மச்சான், சீக்கிரமே தூங்கி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிறகு அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார், நீங்கள் போன பிறகு, உங்கள் நாற்காலியிடம். நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"சத்தம் நல்லதுன்னு அறிக்கை எழுதினது யாரு அம்மாடி?"

"நான்தான் மாமா."

"சரி" என்றீர்கள். நம் வீட்டில் நீங்கள் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அது. மறுநாள் காலையில் உங்கள் பை இல்லை. அப்பாவின் செருப்பும் இல்லை. கால் நுழைந்திருக்கும். அப்பா இப்போது உங்கள் செருப்பில்தான் வேலைக்குப் போகிறார். குதிகால் பின்னால் வெளியே நிற்கிறது. தெருவில் பார்க்கிறவர்கள் அவருக்குக் காலில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள்.

உண்மை தெரிந்தது நீங்கள் போன பிறகுதான். என் கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தானே அணைந்து, தானே எழுந்தது. அதுவரை பல வாரங்களாக அதை நான் அணைத்ததே இல்லை. அணைத்து எழுந்தால், ஓரத்தில் போட்டுவைத்ததெல்லாம் பெருக்கித் தள்ளிய கூடம் போலக் காணாமல் போய்விடும். அதே வரியை மறுபடி ஓடவிட்டேன். சத்தம் என்று ஒன்று இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. எப்படி இல்லாமல் போகும், இத்தனை நாள் இருந்ததே என்று அட்டவணையைத் திறந்தேன். 'அறையின் ஒலி அளவு' என்ற பெயர் என்னைக் கௌரவமாகப் பார்த்தது. அப்படியானால் இத்தனை நாள் இருந்தது எது என்று யோசித்தேன். கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்த பிறகு எழுந்திருக்கத்தான் நேரம் ஆனது.

சரியான பெயரைப் போட்டு ஓட்டினேன். அறையின் சத்தத்துக்கு நட்சத்திரமே இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியானால் நம் கூடத்துச் சத்தத்துக்கு மூன்று எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் நீங்கள். நல்ல மெத்தை போட்ட நாளில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், நீங்களும் தூங்கினீர்கள். அப்படி நன்றாகத் தூங்கிய நாட்களின் மாலைகளில் புதுத் தெம்போடு வந்து, "மாப்பிள்ளை, அந்தச் செய்தியை மறுபடி போடுங்க, அவன் சொன்னது தப்பு" என்று ஆரம்பிப்பீர்கள், முள் ஏறிவிடும். மோசமான மெத்தை போட்ட நாளில் வந்து பேசாமல் நாற்காலியிலேயே கண்ணசந்துவிடுவீர்கள். ஆக, சத்தம் தூக்கத்தைக் கூட்டவில்லை. மதியத் தூக்கம்தான் மாலைச் சத்தத்தைக் கூட்டியது. எது முன், எது பின் என்று சூத்திரத்துக்குத் தெரியாது. நடுவில் அதற்கு ஓர் அலைதான் தெரியும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"அதாவது, உங்க வீட்டுச் சத்தத்தை வச்சு நாங்க தொழிற்சாலை நடத்தியிருக்கோம்."

"ஆமா மேடம்."

"கதவைக் கழற்றினது, ஸ்பீக்கர் வச்சது எல்லாம்."

"ஆமா மேடம்."

என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "உங்க வீட்ல அவ்வளவு சத்தமா?" என்று கேட்டார். "இருந்தது மேடம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அவரை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டிட்டு வாங்க. எல்லாரையும் வச்சுக்கிட்டே மன்னிப்புக் கேட்கறேன்" என்றார். அன்றே கதவை மாட்டினார்கள். ஸ்பீக்கர் இப்போது தையல் கூடத்தில் பாட்டுப் பாடுகிறது. ஜன்னலோரக் கட்டிலில் வேறு யாரையும் படுக்கவைக்கவில்லை. புதிதாக வந்த ஒருவர் அதில் உட்காரப் போக, கணக்கு டீச்சர், "அது நடத்துனர் இருக்கை" என்று எழுப்பிவிட்டாராம். நிறுத்தம் தாண்டி இறக்கிய விஷயத்தில் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும், அதை உங்களிடம் நேரில்தான் பேச முடியும் என்பதையும் தெரிவிக்கச் சொன்னார்.

ஆகவே மாமா, கணக்கு நேராகிவிட்டது. நானும் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் தினமும் அணைக்கிறேன், ஒவ்வொரு பெயரும் அட்டவணைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வரியை எழுதுகிறேன். சத்தம் தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது ஒரு தவறான முடிவு. அதை நான் எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டேன். உங்கள் தூக்கத்தின் மீது இருந்த களங்கம் நீங்கிவிட்டது. வீட்டில் மாறுதல் ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் பழக்கதோஷத்தில், "அண்ணா, கதவைச் சாத்து" என்று நேற்றும் குரல் கொடுத்தாள். உள்ளே யாரும் சாத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் எழுந்து போய் அவர் வீட்டுக் கதவைச் சாத்தினார். நான் சொன்னேனே, உள்ளே இல்லாவிட்டால் வெளியே போய்த் தேடும் என்று, அதுதான்.

சின்ன மாமாவுக்கும் சின்ன அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உப்பு விஷயத்தை அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். உங்கள் ஆசீர்வாதத்தை, இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், எனக்கு வைத்திருங்கள். அப்பாவின் செருப்பை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். போட்டுக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். நீங்கள் போன பிறகு நம் கூடத்தில் கருவியின் முள் எழுவதே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன், கெடவில்லை. நான் விரும்பிய அமைதி எல்லா மூலையிலும், எல்லா நேரத்திலும் கிடைக்கிறது. புத்தகத்தில் நான் நீங்கள் கிளம்பிய அன்றைய பக்கத்திலேயே இருக்கிறேன். அப்போதுதான் கைப்பட்டை நினைவுக்கு வந்தது. என் தூக்கத்தையும், கருவிக்குள்ளேயே பதிவாகியிருந்த நம் வீட்டுச் சத்தத்தையும், ஆரம்பத்திலிருந்து நேற்று வரை, ஒரே அட்டவணையில் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். இரண்டு பெயரும் உள்ளேதான் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்தேன். வெளியே ஒன்றும் கிடக்கவில்லை. வரியை ஓடவிட்டேன்.

சத்தம் கூடக் கூடத் தூக்கம் கூடுகிறது. மூன்று நட்சத்திரம்.

ஆகவே மேலே எழுதியதில், அது தவறான முடிவு என்று சொன்ன பகுதியை அடித்ததாக வைத்துக்கொள்ளவும். மேலாளரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் கதவைக் கழற்றிவிடுவார். இந்தப் பி.கு.வை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் உங்கள் வழக்கமான குரலிலேயே படிக்கலாம்.